கூப்பிட்டால் கேட்காத வீடு

"என்னங்க! கேக்குதா!"

காலி வீட்டின் பின்வாசலில் கால்களை அகட்டி நின்றுகொண்டு, இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கூவுகிறாள். முதல் வாரம் இந்தக் குரலைக் கேட்டபோது தரகரின் கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது. இப்போது பழகிவிட்டது. அவள் மூச்சை இழுக்கும்போதே காதைப் பொத்திக்கொள்கிறார். தோட்டத்தின் கோடியில் வேலியோரம் நிற்கும் கணவர் கையைத் தூக்குகிறார். கேட்கிறதாம். அது அவளுக்கும் தெரியும். அவள் காத்திருப்பது வேறொன்றுக்காக. அதுவும் வந்தது. பக்கத்து மதிலுக்கு மேலே ஒரு தலை எழுந்தது.

"கூப்பிட்டீங்களா? புதுசா வர்றீங்களா? வாங்க வாங்க. எது வேணும்னாலும் ஒரு குரல் குடுங்க, ஓடி வந்துடறேன்."

"ரொம்ப சந்தோஷங்க" என்று வாய் நிறையச் சிரித்துவிட்டு, அவள் தரகர் பக்கம் திரும்பினாள்.

"வேண்டாம்."

தரகருக்கு ஒன்றுமே புரியவில்லை. குழாயைத் திறந்து பார்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறார். சுவரைத் தட்டிப் பார்க்கிறவர்கள், தரையில் எலுமிச்சம்பழத்தை உருட்டிப் பார்க்கிறவர்கள், சமையலறையில் நின்று கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் எல்லாரையும் சமாளித்திருக்கிறார். வீட்டைக் கத்திப் பார்க்கிறவள் இவள் ஒருத்திதான்.

அவள் நகரத்துப் பொது நீச்சல்குளத்தில் பயிற்சியாளர். தலைமுடி எப்போதும் பாதி ஈரம். எந்தச் சோப்புக்கும் அசையாத குளோரின் வாசனை. ரப்பர் செருப்பு ‘சளக் சளக்’ என்று முன்னால் வந்து அவள் வருகையை அறிவிக்கும். குளத்தில் அவளுக்கு ‘விசில்’ என்று பெயர். ஆனால் அவள் விசில் ஊதி யாரும் பார்த்ததில்லை. வேலையில் சேர்ந்த அன்று நிர்வாகம் ஒரு விசிலைக் கயிற்றோடு கொடுத்தது. "இது எதுக்குங்க? எனக்கு உள்ளேயே ஒண்ணு வெச்சுத்தான் அனுப்பியிருக்காங்க" என்று சொல்லி, அந்தக் கயிற்றில் வீட்டுச் சாவியைக் கோத்துக்கொண்டாள். விசில் சாவிக்குத் துணையாகக் கழுத்தில் தொங்குகிறது, அவ்வளவுதான்.

அவள் பேச்சில் நீளமான வாக்கியமே கிடையாது. "கை! கை! மூச்சு! தலை உள்ள!" இவ்வளவுதான் பாடம். ஏன் இப்படி அதட்டுகிறாய் என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும். "தண்ணிக்குள்ள இருக்கிற காதுக்கு ‘தயவுசெஞ்சு’ எல்லாம் போய்ச் சேராதுங்க. வழியிலேயே முங்கிடும்." வீட்டிலும் அதே கதைதான். "தட்டு! சூடு! தள்ளு!" என்றால் சாப்பாடு தயார் என்று அர்த்தம்.

கணவர் நேர் எதிர். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். இருட்டறையில், முகத்துக்கு முகம் வைத்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கிசுகிசுத்தே பழகிய குரல். அவர் தும்மினால்கூட மன்னிப்புக் கேட்பதுபோல இருக்கும். இந்த இருவரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்று கேட்பவர்களுக்கு அவள் சொல்வது: "ஒரு வீட்டுக்கு ஒரு ஒலிபெருக்கி போதாதா?"

வீட்டில் மூன்றாவது ஆள், அவருடைய அம்மா. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் ஊரே இவர் காது வழியாகத்தான் பேசியது. அந்தக் காதுதான் முதலில் போனது. பேச்சு மட்டும் இன்னும் அந்தக் காலத்து ஆபரேட்டர் பேச்சு, வெண்ணெய் மாதிரி. காதுக்கருவி வாங்கிக் கொடுத்தார்கள். அதைப் பொத்தான் டப்பாவில் பொத்தான்களோடு போட்டு வைத்திருக்கிறார். "எல்லாரும் தகர டப்பாக்குள்ள உக்காந்து பேசற மாதிரி இருக்கு. ட்ரங்க் கால் காலத்துலகூட லைன் இவ்வளவு மோசமில்ல."

அவருக்கு நன்றாகக் கேட்கிற குரல் உலகத்தில் ஒன்றுதான். பெற்ற மகன் பேசினால் உதடு அசைவதுதான் தெரியும். மருமகள் பேசினால் ஒவ்வொரு எழுத்தும் விழும். "எனக்கு மிச்சம் இருக்கிறது ஒரே லைன். அது இவ" என்பார். மகன் அம்மாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மனைவியிடம் சொல்வார். அவள் எடுத்துக் கூவுவாள். ஆபரேட்டருக்கே ஆபரேட்டர்.

மாலையில் குளத்திலிருந்து வந்ததும் கச்சேரி ஆரம்பமாகும். தண்ணீரைக் கண்டு அழுத வங்கி மேலாளர், கழன்று மிதந்த பல்செட்டு, அது யாருடையது என்று கடைசிவரை யாரும் ஒப்புக்கொள்ளாதது என்று ஒவ்வொன்றாக அவள் கூவக் கூவ, மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். பதிலுக்கு அவருடைய பழைய கதைகள் வரும். ஒரு விஷயம் முழுதாகக் காதில் விழுந்துவிட்டால் அவர் கை தானாக ஒன்றைச் செய்யும்: அந்தக் காலத்துத் தொலைபேசிப் பலகையில் இணைப்புக் கொடுத்ததுபோலவே, மடியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு கம்பியை எடுத்து, எதிரே காற்றில் ஒரு துளையில் செருகுவார். லைன் கிடைத்துவிட்டது, பேசலாம் என்று பொருள். விழவில்லையென்றால் அதே கம்பியைப் பிடுங்கிவிடுவார். மருமகள் மறுபடி கூவுவாள்.

இதெல்லாம் நடந்தது ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில். மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம், இரண்டு பக்கமும் இரண்டு குடும்பம். நடுவில் இருந்ததைச் சுவர் என்று சொல்வது மரியாதைக்காக. மருமகள் மாமியாரைப் பார்த்துக் கத்துகிற சத்தம் மட்டும் தினமும் கேட்டால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும்? நினைத்தது. படிக்கட்டில் எதிர்ப்பட்டவர்கள் அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாமியாரைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். "சுவத்துக்கும் காது உண்டும்பாங்க. அந்தக் காதுல ஒண்ணை அத்தைக்குக் குடுத்திருந்தா எல்லாருக்கும் நல்லா இருந்திருக்கும்" என்று சொல்லி அவள் அதையும் சிரித்துக் கடந்தாள்.

சிரிப்பு நின்றது, முதியோர் நலத்துறையிலிருந்து ஒரு அதிகாரி அம்மாள் கதவைத் தட்டிய நாளில். யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். அதிகாரி நல்லவர், மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, மருமகளுக்குக் கேட்டுவிடாதபடி தணிந்த குரலில் கேட்டார்.

"பயப்படாம சொல்லுங்கம்மா. மருமக அடிப்பாங்களா?"

‘அடிப்பாங்களா’ என்பது அந்தக் காதில் ‘குடிப்பாங்களா’ என்று விழுந்தது.

"அவளா? காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு" என்றார் மாமியார் மலர்ந்த முகத்துடன். "எனக்கும் தருவா. சுடச்சுட. அது இல்லேன்னா எனக்குப் பொழுதே விடியாது."

அதிகாரியின் முகம் வெளுத்தது. சமையலறையிலிருந்தே எல்லாம் கேட்டு ஓடிவந்த மருமகளுக்கு வேறு வழி தெரியவில்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

"அத்தே! காப்பி இல்ல! நான் உங்களை அடிக்கிறேனான்னு கேக்கறாங்க!"

நான்கு பக்கமும் சன்னல்கள் திறந்த சத்தம் கேட்டது. மாமியார் கம்பியைக் காற்றில் செருகினார். பிறகு அதிகாரியைப் பார்த்து, "இவளா? இவ அடிச்சா நான் தாங்குவேனா? கையைப் பாருங்க, துடுப்பு மாதிரி" என்றார். அதிகாரி அடக்கமாட்டாமல் சிரித்து, காப்பி குடித்துவிட்டுப் போனார். விவகாரம் அத்தோடு தீர்ந்தது.

அவளுக்குத் தீரவில்லை. அந்த வாக்கியம் தன் வாயிலிருந்து அத்தனை சன்னலுக்கும் போனதை அவளால் விழுங்க முடியவில்லை. மறுநாள் ஒரு சிறு எழுதுபலகை வாங்கி வந்தாள். இனி மாமியாருக்கு எல்லாம் எழுத்தில். ‘மாத்திரை போட்டாச்சா?’ ‘மழை வரும்.’ மாமியார் படித்தார், தலையாட்டினார். சில நாள் கழித்துப் பலகையைத் திருப்பிக் கொடுத்துச் சொன்னார்: "இது பேச்சு இல்லம்மா. தந்தி."

பல்செட்டுக் கதைகளை யாரும் பலகையில் எழுத முடியாது. கச்சேரி நின்றது. மாமியார் சன்னலோரம் உட்கார்ந்து எதிர்ச் சுவரையே பார்த்தார். கை மடியிலேயே கிடந்தது. ஒரு மாலை, அவள் வந்து விளக்கைப் போட்டபோது மாமியார் திடுக்கிட்டுத் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். குரல் வரவில்லை; தொண்டையைச் செருமிய பிறகுதான் வந்தது. காலையிலிருந்து அந்தத் தொண்டைக்கு வேலையே இருந்திருக்கவில்லை.

அன்று சாப்பாட்டுக்கு உட்காரும் முன் அவள் கணவரிடம் சொன்னாள்: "வீடு மாத்தறோம். சுத்தி இடம் இருக்கணும். நான் கத்தினா எனக்கும் அத்தைக்கும் மட்டும் கேக்கணும்."

"யோசிச்சு..."

"யோசிச்சாச்சு."

அவளிடம் வாதாடிப் பயனில்லை என்று கணவருக்குத் தெரியும். குளத்தில் எத்தனையோ பேர் தண்ணீரில் கால் வைக்கமாட்டேன் என்று கம்பியைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்கள். அத்தனை பேரும் நீந்தித்தான் வீட்டுக்குப் போனார்கள்.

அப்படித்தான் தரகர் வந்தார். அவரிடம் அவள் தொலைபேசியில் சொன்னது ஒன்றே ஒன்று: பெரிய மனை, நகரத்துக்குப் பக்கத்தில், ஆனால் பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கக்கூடாது. தரகரும் சுறுசுறுப்பானவர். வாரம் தவறாமல் வீடு காட்டினார். ஆனால் போகப் போகப் பக்கத்து வீடுகள் நெருங்கிக்கொண்டே வந்தன. முதல் வாரம் ஒரு தலை எட்டிப் பார்த்தது. இரண்டாவது வாரம் இரண்டு. இந்த வாரம் மதிலுக்கு மேல் எழுந்த தலையைப் பார்த்துத் தரகர் கையைத் தட்டியே விட்டார்.

"பாத்தீங்களா மேடம், எவ்வளவு நல்லாக் கேக்குது! இதைவிடப் பக்கம் வேணும்னா ஒரே சுவருதான்."

"அதுதான் வேண்டாங்கறேன்."

"நீங்கதானே மேடம் சொன்னீங்க, பக்கத்து வீடு கூப்பிடு தூரத்துல இருக்கணும்னு?"

"இருக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

தரகர் காதைத் தேய்த்துக்கொண்டார். தப்பு அவர்மேல் மட்டும் இல்லை. அவர் தொழிலில் ‘கூப்பிடு தூரம்’ என்பது சர்க்கரை மாதிரியான சொல். பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம், ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம், ரயிலடி கூப்பிடு தூரம் என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லுக்குப் பின்னால் ‘கூடாது’ என்று ஒன்று வரும் என்பதையே அவர் காது ஒப்புக்கொள்ளவில்லை.

"யாருக்கும் கேக்கக் கூடாதா?" என்று கேட்டு, அவளையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கீங்க?"

"நாங்க நல்லாத்தான் இருக்கோம். எங்க அத்தைகூடப் பேசணும். வண்டியில இருக்காங்க பாருங்க, அவங்க."

தரகர் வண்டியை எட்டிப் பார்த்தார். மாமியார் பின்னிருக்கையில் பையை மடியில் வைத்துக்கொண்டு, நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தரகர் என்ன கண்டாரோ, சாவிக்கொத்தில் அதுவரை தொடாத ஒரு சாவியைத் தேடி எடுத்தார். "ஒண்ணு இருக்கு. யாரும் வாங்காதது. நானே காட்டறதை விட்டுட்டேன்."

பேருந்து திரும்பிப் போகிற இடத்தையும் தாண்டி வண்டி போனது. பெரிய மனை. நடுவில் சின்ன வீடு, தாம்பாளத்தில் வைத்த ஒற்றைப் பாக்கு மாதிரி. முழங்கால் உயரத்துக்குப் புல். கூரையில் ஒரு மூலையில் வானம் தெரிந்தது. ஒரு பக்கம் தரிசு, பின்னால் தரிசு. இன்னொரு பக்கம், நல்ல தூரத்தில், பச்சை வலை போட்ட ஒரு நாற்றுப் பண்ணை. அங்கே ஒரு பெண் தனியாகக் குழாயைப் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். வண்டிச் சத்தத்துக்கு அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விசிலின் கண்கள் பளிச்சிட்டன.

கணவர் ஒவ்வொன்றாகச் சொன்னார், எப்போதும்போலத் தணிந்த குரலில். கூரை ஒழுகும். கடை தூரம். பஸ் தாமதம். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லில் பதில் வைத்திருந்தாள். "மாத்தலாம். நடக்கலாம். காத்திருக்கலாம்."

"சரி" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ கத்தினா யாருக்கும் கேக்காது. நல்லது. நீ குளத்துல இருக்கும்போது, நான் கடையில இருக்கும்போது, அம்மா விழுந்து கத்தினா?"

அவள் கண் மாமியார் பக்கம் போனது.

"சுவத்துக்குக் காது இருந்தா தொல்லைதான். ஆனா அம்மா விழுந்தா, அந்தக் காதுதான் கேக்கும். அம்மா குரல் உனக்குத் தெரியும். பக்கத்து அறைக்கே வராது. போன்ல மறுமுனை பேசறது அவங்களுக்குக் கேக்காது. இதுவா அதுவா, எது தெளிவா இருக்கு, நீயே சொல்லு."

அவரை அறிந்தவர்களுக்கு, அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதே செய்தி. அவள் புல்லுக்குள் இறங்கி நடந்தாள். மனையை ஒரு சுற்று, இன்னொரு சுற்று. தரகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இதுவும் போச்சு என்று சாவியைக் கொத்தில் மாட்டினார். யோசிக்கும்போது எதையாவது கையில் சுழற்றுவது அவள் வழக்கம். கழுத்துக் கயிறு விரலில் சுற்றியது, அவிழ்ந்தது. சாவியும் விசிலும் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. சட்டென்று நின்றாள். கையைப் பார்த்தாள்.

"என்னங்க! நாத்துப் பண்ணைக்குப் போங்க. அந்தம்மா பக்கத்துல நில்லுங்க. கேட்டா கை தூக்குங்க."

"என்ன கேட்டா?"

"போங்க!"

அவர் போய்ச் சேர்ந்து சிறு உருவமாக நின்றதும், அவள் பின்வாசலில் கால்களை அகட்டி, இருந்த மூச்சையெல்லாம் திரட்டிக் கூவினாள். தரகர் காதைப் பொத்தினார். தூரத்தில் கை எழவில்லை. குழாயைப் பிடித்த பெண்ணும் திரும்பவில்லை. அவள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றித் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, விசிலை மட்டும் மாமியார் கழுத்தில் போட்டாள். அவரை அதற்குள் வண்டியிலிருந்து கைப்பிடித்து இறக்கி வாசற்படியில் உட்கார வைத்திருந்தார்கள்.

"ஊதுங்க அத்தே!"

மாமியார் விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செவிடன் காதுல சங்கு ஊதுவாங்கன்னு கேட்டிருக்கேன். செவிடியையே ஊதச் சொல்றவ நீ ஒருத்திதான்."

ஊதினார். புஸ்ஸென்று காற்று வந்தது. வாழ்நாள் முழுக்கத் தொலைபேசியின் வாய்க்குழலில் மெல்லப் பேசியே பழகிய மூச்சு அது. மருமகள் எதிரே குந்தி உட்கார்ந்தாள். குளத்தின் விளிம்பில் உட்காருவது போலவே.

"வாயால இல்ல. வயிறு! மூச்சு! இழு, இழு, இழு... விடு!"

இரண்டாம் முறை தரையிலிருந்த குருவிகள் அத்தனையும் ஒன்றாக எழும்பிப் பறந்தன. தரகருக்குக் காதைப் பொத்த நேரம் கிடைக்கவில்லை. மாமியாருக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "வந்துச்சா?" என்று மருமகள் முகத்தைப் பார்த்தார்.

மருமகள் விரலை நீட்டினாள். தூரத்தில் மகனின் கை உயர்ந்திருந்தது. அவருக்கும் முன்னால், குழாயை அப்படியே போட்டுவிட்டு, பண்ணைப் பெண் புல்லை விலக்கிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"யாருக்காவது அடி பட்டுடுச்சா?" மூச்சிரைத்தது அவளுக்கு.

"இல்லீங்க. ஆனா என்னைக்காவது பட்டா இப்படி வருவீங்களா?"

பண்ணைப் பெண் படியில் உட்கார்ந்திருந்த பெரியவரையும், அவர் கழுத்து விசிலையும் பார்த்தாள். விஷயம் சொல்லாமலே பாதி புரிந்தது. "நான் எங்க போகப் போறேன், பொழுதன்னிக்கும் செடியோடதான் கெடக்கேன். ஊதினா வரேன். ஊதலேன்னாலும் மத்தியானம் ஒருதரம் எட்டிப் பாக்கறேன்." சொல்லிவிட்டு, போட்டு வந்த குழாய் நினைவுக்கு வந்து திரும்பி ஓடினாள்.

கணவர் புல்லைத் தாண்டி வந்து சேர்ந்தார். கால்சட்டை முழுக்க ஒட்டுப்புல். கூரையின் ஓட்டையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "மழைக்கு முன்னாடி அடைச்சுடணும்" என்றார்.

"அப்போ முடிவுதானா மேடம்?" என்றார் தரகர்.

அவள் முற்றத்தின் நடுவுக்குப் போய்த் திரும்பி நின்றாள். எழுதுபலகை வாங்கிய நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த குரல் முழுவதையும், ஒரு சன்னலும் இல்லாத அந்த வெளியில், மாமியாரைப் பார்த்துத் திறந்துவிட்டாள்.

"அத்தே! அந்தப் பல்செட்டு யாருதுன்னு தெரிஞ்சுபோச்சு! அந்த வங்கி மேலாளரோடதுதான்!"

மாமியாரின் கை மடியிலிருந்து மெல்ல எழுந்தது. கட்டைவிரலும் இரண்டு விரல்களும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கம்பியைப் பிடித்தன. எதிரே, புல்லுக்கும் வானத்துக்கும் நடுவில், துளையைத் தேடிப் பிடித்து அழுத்திச் செருகின.